பச்சை விளக்குக்குப் பின்னால்: கேசாண்ட்ரா கிளஸ்டரில் எதைக் கவனிக்க வேண்டும்

2018 அக்டோபர் 21 அன்று, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கிட்ஹப் நிறுவனத்தின் பிணைய இணைப்பு ஒன்று 43 விநாடிகள் அறுந்தது. பழுதாகி வந்த ஒரு கருவியை மாற்றும் வழக்கமான பராமரிப்பு வேலையின்போது நடந்தது அது. அந்தச் சிறிய இடைவெளி போதுமானதாக இருந்தது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளக் கிளஸ்டர்களின் (ஒன்றாக இயங்கும் சேவையகத் தொகுப்புகளின்) தலைமைப் பொறுப்பை மேற்குக் கரைக்கு மாற்றும் வேலையைத் தானியங்கி மென்பொருள் தொடங்கிவிட்டது. இரண்டு கரைகளிலும் மற்றதிடம் இல்லாத பதிவுகள் சேர்ந்துவிட்டன. சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடங்கள் பிடித்தன.

தலைமை நோடு, அதாவது மற்றவற்றை வழிநடத்தும் ஒரு சேவையகம், உள்ள கிளஸ்டரில் கோளாறு இப்படித்தான் வரும்: வெளிப்படையாக, எல்லோருக்கும் தெரியும்படி. கேசாண்ட்ராவின் கதை வேறு. அதில் தலைமை நோடு என்று ஒன்றே கிடையாது. கூகுளின் பிக்டேபிள் (2006), அமேசானின் டைனமோ (2007) ஆகிய இரண்டு ஆய்வுக் கட்டுரைகளின் கருத்துகளை இணைத்து, ஃபேஸ்புக்கின் இன்பாக்ஸ் தேடலுக்காக அவினாஷ் லக்ஷ்மணும் பிரசாந்த் மாலிக்கும் எழுதிய தரவுத்தளம் அது. 2008இல் திறமூலமாக வெளிவந்தது. 2010இல் அப்பாச்சி என்ற திறமூல அறக்கட்டளையின் முதல்நிலைத் திட்டமானது. எல்லா நோடுகளும் சமம். எந்த நோடிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், எழுதலாம். ஒவ்வொரு தரவுக்கும் பல நோடுகளில் பிரதிகள் இருப்பதால், ஒன்று விழுந்தால் மற்றவை பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்த நற்குணமே கண்காணிப்பவருக்குச் சோதனையாகிறது. கேசாண்ட்ரா கிளஸ்டர் சட்டென்று விழுவது அரிது, அது கடன்படுகிறது. செய்யவேண்டிய வேலையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, வந்த கேள்விக்கு இப்போதைக்குப் பதில் சொல்லிவிடுகிறது. ஒரு பிரதிக்குப் போய்ச் சேராத பதிவு, இணைக்கப்படாமல் குவியும் கோப்புகள், அழித்தும் அழியாமல் கிடக்கும் வரிசைகள் எல்லாம் அந்தக் கடனின் வகைகள். எல்லாச் செயலிகளும் இயங்கிக்கொண்டிருப்பதால் எச்சரிக்கை மணி எதுவும் ஒலிப்பதில்லை. எனவே இங்கே கண்காணிப்பு என்றால் எந்த நோடு உயிரோடிருக்கிறது என்று பார்ப்பதல்ல. எந்தக் கடன் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, கெடுவுக்குள் அடையுமா என்று பார்ப்பது.

முதலில் எல்லோரும் பார்க்கும் திரையிலிருந்தே தொடங்குவோம். கேசாண்ட்ராவோடு வரும் நோட்டூல் கருவியில் 'நோட்டூல் ஸ்டேட்டஸ்' என்ற கட்டளையை ஓட்டினால் நோடுக்கு ஒரு வரி வரும். வரியின் தொடக்கத்தில் இரண்டு எழுத்துகள். யு என்றால் இயங்குகிறது, டி என்றால் இயங்கவில்லை. அடுத்த எழுத்து என் என்றால் இயல்புநிலை, ஜே என்றால் இப்போதுதான் சேர்ந்துகொண்டிருக்கிறது, எல் என்றால் விலகிக்கொண்டிருக்கிறது. எல்லா வரிகளும் 'யுஎன்' என்று தொடங்கினால் மனம் நிம்மதியடைகிறது. பல நிறுவனங்களில் கண்காணிப்புத் திரையின் பச்சை விளக்கு இந்த இரண்டு எழுத்துகளை நம்பித்தான் எரிகிறது.

அந்த எழுத்துகள் சொல்வது மிகக் குறைவு. நோடுகள் விநாடிக்கு ஒருமுறை தங்களுக்குள் சில நோடுகளோடு செய்தி பரிமாறிக்கொள்கின்றன. இதைக் காசிப் என்பார்கள். செய்திகள் வரும் இடைவெளியைக் கணக்கிட்டு, ஒரு நோடு போய்விட்டது என்ற சந்தேகம் ஒரு வரம்பைத் தாண்டும்போது அதை 'டி' என்று குறிக்கின்றன. ஆக, 'யுஎன்' என்பது 'காசிப் வருகிறது' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அதோடு, அது கட்டளையை ஓட்டிய நோடின் பார்வை மட்டுமே. பிணையம் ஒரு பக்கம் மட்டும் பழுதானால் ஒரு நோடுக்குச் செத்ததாகத் தெரிவது இன்னொன்றுக்கு உயிரோடு தெரியும். ஒரே நோடில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளஸ்டர் நலம் என்று எழுதிவைக்கக் கூடாது. தரவு மையத்துக்கு ஒன்று என்றாவது எடுத்து ஒப்பிட வேண்டும்.

இந்த இரண்டு எழுத்துகளால் எவ்வளவு தூரம் ஏமாற முடியும் என்பதற்கு மான்சோ வங்கியின் அனுபவம் நல்ல சான்று. லண்டனைச் சேர்ந்த இந்த வங்கி, 2019 ஜூலை 29 அன்று நேர்ந்த தடங்கலைப் பற்றி ஒளிவுமறைவின்றி விளக்கம் வெளியிட்டது. அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். கேசாண்ட்ரா கிளஸ்டரின் கொள்ளளவைக் கூட்ட ஆறு புதிய நோடுகளைச் சேர்த்தார்கள். புதிய நோடு சேரும்போது தன் பங்குக்கான தரவை மற்ற நோடுகளிடமிருந்து இழுத்துக்கொண்ட பிறகே பொறுப்பேற்கும் என்பது இயல்பான நடைமுறை. அதைத் தீர்மானிக்கும் 'ஆட்டோ பூட்ஸ்டிராப்' என்ற அமைப்பு அங்கே அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அணைத்திருந்தால் நோடுகள் சேர்ந்துவிட்டுச் சும்மா இருக்கும், தரவைப் பிறகு நாமே நகர்த்தலாம் என்று பொறியாளர்கள் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. ஆறு நோடுகளும் கையில் எந்தத் தரவும் இல்லாமலேயே தங்கள் பங்குக்கு உடனே பொறுப்பேற்றுக்கொண்டன.

ஒவ்வொரு தரவுக்கும் மூன்று பிரதிகள். வாசிக்கும்போது அவற்றில் இரண்டு பதில் சொன்னால் போதும். இதுதான் குவோரம். எழுதும்போது இரண்டு, வாசிக்கும்போது இரண்டு, ஆக நான்கு. பிரதிகளோ மூன்றுதான். எனவே எழுதிய இரண்டில் ஒன்றாவது வாசிக்கும் இரண்டில் இருந்தே தீரும். கேசாண்ட்ராவின் நம்பகத்தன்மை முழுவதும் இந்தச் சிறு கூட்டலில் நிற்கிறது. ஆனால் மூன்று பிரதிகளில் இரண்டு இடங்களைக் காலியான புதிய நோடுகள் பிடித்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து 'அப்படி ஒரு தரவே இல்லை' என்று ஒருமனதாகச் சொல்லும். பிழைச் செய்தி எதுவும் வராது. பதில் வேகமாகவே வரும். இல்லாததை இல்லை என்று சொல்வதற்கு வட்டைத் தேட வேண்டியதுகூட இல்லையே. வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினருக்குச் செயலி வேலை செய்யவில்லை. பணப் பரிமாற்றங்கள் தடைபட்டன. தரவு அழிந்துவிடவில்லை, பழைய நோடுகளில் பத்திரமாக இருந்தது. புதிய நோடுகளை ஒவ்வொன்றாக விலக்கித்தான் நிலைமையைச் சீராக்கினார்கள். இப்படிச் சேரும் நோடு 'நோட்டூல் ஸ்டேட்டஸ்' திரையில் முதல் கணத்திலிருந்தே 'யுஎன்' என்றுதான் தெரியும். அதே வரியில், நோடு வைத்திருக்கும் தரவின் அளவைக் காட்டும் 'லோட்' என்ற பத்தியைப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்: மற்றவை நூற்றுக்கணக்கான ஜிபி காட்டும்போது புதியது சில கேபி மட்டும் காட்டும்.

இது ஒரே நாளில் வெடித்த கோளாறு. மாதக்கணக்கில் ஊறிவரும் கோளாறு இதைவிடப் பொல்லாதது. நீக்கிய தரவு மறுபடி உயிர்த்தெழுவதைத்தான் சொல்கிறேன்.

கேசாண்ட்ரா ஒரு வரிசையை நீக்கும்போது உண்மையில் எதையும் அழிப்பதில்லை. வட்டில் எழுதப்பட்ட கோப்புகள் மாற்ற முடியாதவை. எனவே 'இது நீக்கப்பட்டது' என்று சொல்லும் டூம்ஸ்டோன் என்ற புதிய குறிப்பை நேர முத்திரையோடு எழுதுகிறது. பின்னர் கோப்புகளை ஒன்றுசேர்க்கும் கம்பாக்‌ஷன் நடக்கும்போது பழைய தரவும் டூம்ஸ்டோனும் சேர்ந்தே மறையும். ஆனால் டூம்ஸ்டோன் உடனே மறையக் கூடாது. எல்லாப் பிரதிகளுக்கும் செய்தி சென்றுசேர அவகாசம் வேண்டும். அந்த அவகாசம் இயல்பாக 8,64,000 விநாடிகள், அதாவது பத்து நாட்கள்.

ஏ, பி, சி என்று மூன்று பிரதிகளை வைத்துக்கொள்வோம். ஒரு வாடிக்கையாளர் தன் பழைய முகவரியை நீக்குகிறார். ஏ, பி இரண்டுக்கும் நீக்கம் சென்றுசேர்கிறது. குவோரம் நிறைந்தது, 'நீக்கப்பட்டது' என்று அவருக்குப் பதில் போய்விட்டது. சி அப்போது கிடைக்கவில்லை. கிடைக்காத நோடுக்காக மற்ற நோடு ஒரு குறிப்பை எழுதி வைத்திருந்து, அது திரும்பியதும் கொடுக்கும். இதற்கு ஹின்ட் என்று பெயர். ஆனால் ஹின்ட் சேர்த்துவைப்பது இயல்பாக முதல் மூன்று மணி நேரம் மட்டுமே. சி நான்காவது மணி நேரத்தில்கூட விழுந்தே கிடந்து, நீக்கம் அப்போது நடந்திருந்தால் ஹின்ட்டும் இல்லை. பிறகு சி எழுந்துவிட்டது. திரையில் மூன்றும் 'யுஎன்'. நாட்கள் ஓடுகின்றன. பத்து நாள் கழிந்து ஏ, பி இரண்டிலும் கம்பாக்‌ஷன் நடக்கிறது. பழைய முகவரியும் போயிற்று, அதை நீக்கியதற்கான டூம்ஸ்டோனும் போயிற்று. சியிடம் மட்டும் பழைய முகவரி இருக்கிறது, அதை மறுக்கும் சாட்சி எங்கும் இல்லை. அடுத்த வாசிப்பு ஏவையும் சியையும் கேட்கிறது. ஏ 'ஒன்றுமில்லை' என்கிறது, சி 'இதோ முகவரி' என்கிறது. இல்லாததைவிட இருப்பதற்கே மதிப்பு. முகவரி வாடிக்கையாளருக்குக் காட்டப்படுகிறது. அதோடு நிற்காமல், விட்டுப்போனதைச் சரிசெய்யும் நல்லெண்ணத்தில் கேசாண்ட்ரா அதை ஏவுக்கும் எழுதிவைக்கிறது.

எந்தப் படியிலும் எதுவும் பிழையாகவில்லை. எல்லாம் வடிவமைத்தபடியே நடந்தன. தனிப்பட்ட தகவலை அழிக்கச் சட்டப்படி கேட்ட ஒருவரின் தரவு இப்படித் திரும்பி வந்தால் நிறுவனம் என்ன பதில் சொல்லும்? இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சி மணிக்கணக்கில் விழுந்துகிடக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. வேலைப்பளு கூடும்போது, நேரத்துக்குள் கையாள முடியாத பதிவுகளை ஒரு நோடு தானாகவே கைவிட்டுவிடும். 'நோட்டூல் டிபிஸ்டாட்ஸ்' தரும் அட்டவணையின் அடியில், கைவிடப்பட்ட செய்திகளின் எண்ணிக்கை வகைவாரியாக இருக்கும். அதில் மியூட்டேஷன் என்ற வரியின் எண் ஏறுகிறதென்றால், முழு நலத்தோடு தெரியும் நோடு ஒன்று பதிவுகளைத் தவறவிட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். பலர் அந்த அட்டவணையின் மேல்பகுதியைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

இந்தக் கடனை அடைக்கும் வேலைக்குத்தான் ரிப்பேர் என்று பெயர். பிரதிகள் தங்கள் தரவைப் பகுதி பகுதியாகச் சுருக்கிக் கணக்கிட்டு, மெர்க்கிள் மரம் என்ற அமைப்பாக்கி ஒப்பிடுகின்றன. எங்கே கணக்கு ஒத்துவரவில்லையோ அந்தப் பகுதியை மட்டும் பரிமாறிக்கொள்கின்றன. ஒவ்வொரு அட்டவணையும் அதன் டூம்ஸ்டோன் அவகாசத்துக்குள், அதாவது இயல்பு அமைப்பில் பத்து நாளுக்குள், ஒருமுறையாவது முழுமையாக ரிப்பேர் ஆகியிருக்க வேண்டும். நீக்கம் நடக்கும் எந்த அட்டவணைக்கும் இதில் சலுகை கிடையாது.

விதி எளிது, நடைமுறை கடினம். மெர்க்கிள் மரம் கட்ட அந்தப் பகுதியின் தரவு முழுவதையும் வட்டிலிருந்து வாசிக்க வேண்டும். மரத்தின் ஒவ்வொரு இலையும் பல வரிசைகளைச் சுமப்பதால், ஒரு வரிசை வேறுபட்டாலும் அந்த இலைக்குரிய அத்தனையும் பிணையத்தில் போகும். உச்ச நேரத்தில் இதை ஓட்டினால் வாடிக்கையாளர்களின் வாசிப்பு தாமதமாகும். தாமதம் வந்ததும் யாராவது ரிப்பேரை நிறுத்துவார்கள். நிறுத்தியதை மறுபடி தொடங்க ஆளிருக்காது. ரிப்பேர் கைவிடப்படுவதற்கு அறியாமையைவிட இந்தச் சங்கிலிதான் பெரிய காரணம். இதற்கு நல்ல மருந்து, வேலையைச் சிறு துண்டுகளாக்கி நாள் முழுவதும் மெல்ல ஓட்டுவது. ஸ்பாட்டிஃபையில் பிறந்து, பின்னர் தி லாஸ்ட் பிக்கிள் நிறுவனம் வளர்த்த ரீப்பர் என்ற திறமூலக் கருவி இதைத்தான் செய்கிறது. புதிய பதிவுகளை மட்டும் ஒப்பிடும் இன்கிரிமென்டல் ரிப்பேர் முறை நெடுநாள் கோளாறுகளோடு இருந்தது; 2021இல் வெளிவந்த 4.0 பதிப்பில் அதைத் திருத்தினார்கள். அதற்கு முந்தைய பதிப்பை ஓட்டுபவர்கள் முழு ரிப்பேரையே நம்புவது நல்லது.

கண்காணிப்புத் திரையில் ஒரே ஓர் எண்ணுக்குத்தான் இடம் என்று யாராவது சொன்னால், நான் கேட்பது இதுதான்: ஒவ்வோர் அட்டவணையும் கடைசியாக வெற்றிகரமாக ரிப்பேர் முடித்து எத்தனை நாள் ஆகிறது? ஏழைத் தாண்டினால் எச்சரிக்கை வரட்டும். அப்போது கையில் இன்னும் மூன்று நாள் இருக்கும். சிபியு சுமையும் நினைவகச் சதவீதமும் எல்லாத் திரையிலும் இருக்கின்றன. இந்த எண் அங்கே இல்லாததைத்தான் அதிகம் காண்கிறேன், அது வருத்தமாக இருக்கிறது. இதே கணக்கிலிருந்து இன்னொரு விதியும் பிறக்கிறது. பத்து நாளுக்கு மேல் விழுந்துகிடந்த நோடை அப்படியே எழுப்பிச் சேர்க்கக் கூடாது. அதன் தரவை முழுதும் துடைத்துவிட்டு, அதன் இடத்தில் புதிய நோடாகவே கொண்டுவர வேண்டும்.

அடுத்த கடன் கம்பாக்‌ஷன். பதிவுகள் முதலில் நினைவகத்தில் சேர்ந்து, பிறகு எஸ்எஸ்டேபிள் கோப்புகளாக வட்டுக்குப் போகின்றன. கோப்புகள் பெருகும்போது ஒரு வாசிப்புக்காகப் பல கோப்புகளைத் திறக்க வேண்டிவரும். கம்பாக்‌ஷன் அவற்றை ஒன்றுசேர்க்கிறது. காத்திருக்கும் கம்பாக்‌ஷன்களின் எண்ணிக்கை உயர்வதும் தாழ்வதும் இயல்பு. ஒரு நாள் முழுவதும் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால்தான் கவலை. அதைவிட நேரடியான அளவு 'நோட்டூல் டேபிள்ஹிஸ்டோகிராம்ஸ்' தருவது: ஒரு வாசிப்பு எத்தனை எஸ்எஸ்டேபிள்களைத் தொட்டது என்று அதில் தெரியும். டூம்ஸ்டோன்களும் வாசிப்பை மெதுவாக்கும். ஒரே வினவல் 1,000 டூம்ஸ்டோன்களைத் தாண்டினால் பதிவேட்டில் எச்சரிக்கை எழுதப்படும். 1,00,000ஐத் தாண்டினால் வினவலே நிறுத்தப்படும். இவை இயல்பு வரம்புகள். கேசாண்ட்ராவை வரிசைக்கிரமமான வேலைப்பட்டியலாகப் பயன்படுத்தி, சேர்ப்பதும் நீக்குவதுமாக இருப்பவர்கள் இந்த வரம்பில்தான் முட்டிக்கொள்வார்கள். வரம்பை உயர்த்துவது தீர்வல்ல. அட்டவணையின் வடிவத்தையே மாற்ற வேண்டும்.

வட்டில் காலி இடம் என்பதும் தோற்றத்தைவிடச் சிக்கலானது. இயல்பான கம்பாக்‌ஷன் முறையில் பெரிய கோப்புகளைச் சேர்க்கும்போது பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் வட்டில் இருக்கும். எனவே பாதி வட்டு நிறைந்ததும் திட்டமிடத் தொடங்க வேண்டும்; 90 சதவீதத்தில் மணியடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு கணத்தில் இருந்த தரவைக் காத்துவைக்கும் ஸ்னாப்ஷாட் இன்னொரு மறைமுகச் செலவு. எடுக்கும் கணத்தில் அது இடமே பிடிப்பதில்லை, ஏற்கெனவே இருக்கும் கோப்புகளுக்கு ஒரு கூடுதல் இணைப்பு மட்டும் போடுகிறது. கம்பாக்‌ஷன் பழைய கோப்பை நீக்கும்போது, ஸ்னாப்ஷாட் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதால் இடம் விடுபடாது. அட்டவணையை நீக்கினாலும் காலியாக்கினாலும் கேசாண்ட்ரா இயல்பாகவே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்கிறது. அட்டவணையை நீக்கியும் வட்டு குறையவில்லை என்று குழம்புபவர்கள் பார்க்கவேண்டிய இடம் இது.

தாமதத்தை அளக்கும்போது சராசரியை நம்பாதீர்கள். நூறில் ஒரு வாசிப்பு மட்டும் மெதுவாக இருந்தால் சராசரியில் அது தெரியாமல் போகலாம். ஆனால் ஒரு பக்கத்தைக் காட்ட 20 வினவல்கள் தேவைப்பட்டால், அவற்றில் ஒன்றாவது அந்த மெதுவான ஒன்றாக அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 18 சதவீதம். ஐந்தில் ஒருவருக்குப் பக்கம் மெதுவாகத் திறக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே 99ஆம் சதமானத்தை, அதாவது நூறில் 99 வாசிப்புகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்பதைப் பாருங்கள், அதையும் நோடுவாரியாகப் பாருங்கள். கேசாண்ட்ரா ஜாவாவில் ஓடுவதால், நினைவகத்தைச் சுத்தம் செய்யும் நேரங்களில் நோடு கணநேரம் உறைந்து நிற்கும். ஒரே ஒரு நோடின் 99ஆம் சதமானம் மட்டும் துள்ளினால், பதிவேட்டில், இந்தச் சுத்தம் செய்தலைப் பதியும் 'ஜிசி இன்ஸ்பெக்டர்' எழுதிய வரிகளைத் தேட வேண்டும். எல்லா நோடுகளும் சேர்ந்து துள்ளினால் வேலைப்பளுவிலோ தரவு வடிவத்திலோதான் காரணம் இருக்கும்.

கடிகாரத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரே வரிசைக்கு இரண்டு பதிவுகள் மோதினால், நேர முத்திரை பிந்தியது எதுவோ அது வெல்லும் என்பதே கேசாண்ட்ராவின் தீர்ப்பு. ஒரு சேவையகத்தின் கடிகாரம் சில விநாடிகள் முந்தி ஓடினால், அதன் வழியாக வந்த நீக்கம் பிறகு வந்த உண்மையான பதிவை விழுங்கிவிடும். எழுதியவருக்கு 'வெற்றி' என்ற பதில் கிடைத்திருக்கும், வாசித்தால் தரவு இருக்காது. கடிகார விலகலை ஒவ்வொரு நோடிலும் அளந்து எச்சரிக்கை வைப்பது அரை நாள் வேலைதான். கடவுச்சொற்களும் அனுமதிகளும் இருக்கும் 'சிஸ்டம் ஆத்' என்ற இடத்தையும் நிறுவிய அன்றே சரிபார்க்க வேண்டும். இயல்பு அமைப்பில் அதற்கு ஒரே ஒரு பிரதிதான். அந்தப் பிரதியுள்ள நோடு விழுந்தால், தரவெல்லாம் மூன்று பிரதிகளோடு பத்திரமாக இருந்தும் உள்ளே நுழைய முடியாமல் போகலாம்.

நோடு சேர்க்கும் வேலையைப் பற்றி மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க வேண்டும். ஒன்று முழுமையாகச் சேர்ந்து, லோட் பத்தி நிறைந்த பிறகே அடுத்தது. எல்லாம் முடிந்ததும் பழைய நோடுகளில், இனி தங்களுக்குச் சொந்தமில்லாத தரவு அப்படியே கிடக்கும். அதைத் துடைக்க 'கிளீனப்' ஓட்டியாக வேண்டும், கேசாண்ட்ரா தானாகச் செய்யாது. ஆனால் அவசரம் வேண்டாம். மான்சோவில் தரவு பத்திரமாக இருந்தது பழைய நோடுகளில்தான் என்பதை நினைவில் வைத்து, புதிய நோடுகள் சரியான பதில் தருகின்றன என்று உறுதியான பிறகே கிளீனப்.

பிரதிகள் ஒத்துப்போகின்றனவா என்ற கேள்வியை நெடுங்காலம் சுற்றிவளைத்தே கேட்க வேண்டியிருந்தது. ரிப்பேர் வயது, கைவிட்ட பதிவுகள், ஹின்ட்கள் எல்லாம் சூழ்நிலைச் சாட்சிகளே. 4.0 பதிப்பிலிருந்து நேரடியாகவே கேட்கலாம். ரிப்பேர் கட்டளையை முன்னோட்டமாக ஓட்டினால், எதையும் மாற்றாமல் எவ்வளவு தரவு வேறுபடுகிறது என்று மட்டும் சொல்லும். ரிப்பேர் முடிந்ததாகக் குறிக்கப்பட்ட தரவை வாசிக்கும்போதே பிரதிகளுக்கிடையே ஒப்பிட்டு, வேறுபாடு தெரிந்தால் எண்ணிவைக்கும் வசதியும் அதே பதிப்பில் வந்தது. அந்த எண் பூச்சியமாகவே இருக்க வேண்டும், ஒன்று ஏறினாலும் காரணம் தேட வேண்டும். இந்த வசதி இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. இன்கிரிமென்டல் ரிப்பேர் ஓட்டும் கிளஸ்டரில், சோதனைச் சூழலில் அதன் சுமையைப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சூழலிலும் அதை இயக்கி, அந்த எண்ணைப் பச்சை விளக்குக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.